வன்னியில் எடுத்துச் செல்லும் முக்காலியும் மடக்குக் கதிரையும்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

ஆவணித் திருவிழாவுக்கு மடுக் கோயில் வளவில் கொட்டில் போட்டுத் தங்கும் குடும்பத்தினர், வற்றாப்பளை வைகாசிப் பொங்கலன்று விடியும்வரை விழித்திருக்கும் அடியார்கள், காலபோக வயலில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்போர், குளக்கரையில் கூடாரம் அடித்து இரவைக் கழிக்கும் இளையோர் என வன்னியில் வெளியே தங்குகின்ற பலரும் ஏதோ ஓர் இருக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டே போகின்றனர். அவற்றுள் நான்கு வகைகளே அடிக்கடி காணப்படுகின்றன. மூன்று தடிகளை நடுவில் இணைத்து, மேல்நுனிகளில் முக்கோணத் துணியை மாட்டும் முக்காலி ஒன்று. கத்தரிக்கோல் வடிவில் மடியும் நாலுகால் இருக்கை இன்னொன்று. அலுமினியக் குழாய்களைக் கோத்துத் துணியை மாட்டும் இலகு கதிரை மூன்றாவது. மூன்று நீண்ட தடிகளைக் கூம்பாகக் கட்டி, உரப்பையையோ படங்குத் துண்டையோ தொங்கவிட்டு, தங்குகிற இடத்திலேயே செய்துகொள்ளும் சாய்மனை நான்காவது.

இவை நான்கிலும் பழுது தென்படும் இடமும் பழுது தொடங்கும் இடமும் பெரும்பாலும் வெவ்வேறாகவே இருக்கின்றன. துணியின் மூலை கிழிந்தால் காரணம் தடியின் நுனியில் இருக்கும். தடி வெடித்தால் காரணம் துணி நீண்டுபோனதில் இருக்கும். போல்ற் தளர்ந்தால் காரணம் மரம் உலர்ந்ததில் இருக்கும். ஆகவே இருக்கையைக் கழற்றுவதற்கு முன்னர், அது எந்த மண்ணில் நின்றது, எந்தப் பருவத்தில் நின்றது என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரையில் மாரி மழையில் ஊறி, வைகாசிக்குப் பின் மாதக்கணக்கில் வறண்ட காற்றில் காய்கின்ற இந்த நிலத்தில், மரமும் துணியும் ஆண்டுதோறும் ஒருமுறை உப்பி ஒருமுறை சுருங்குகின்றன. கீழே சொல்லப்படும் பழுதுகளிற் பல இந்தச் சுழற்சியிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு விடயத்தை வழிமுறைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இருக்கையைச் சமப்படுத்துவதற்காக மண்ணைத் தோண்டுவதும் தடி அறைவதும் வேறு ஊர்களில் யோசிக்காமற் செய்யக்கூடிய வேலைகள். கண்ணிவெடி அகற்றும் பணி இன்னமும் முடியாத இடங்கள் வன்னியில் உள்ளமையால், மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையோ எல்லைத் தடிகளோ தென்படும் பக்கத்துக்கே போகாதீர்கள். பலகை இல்லாத காட்டுத் துண்டாக இருந்தாலும் ஊரவரிடம் விசாரித்து, அவர்கள் நடமாடிப் பழகிய இடத்தில் மட்டும் அமருங்கள். யானைத் தடத்திலும், பின்னேரம் யானைகள் நீருக்கு இறங்கும் குளக்கரையிலும் இருக்கை போடக் கூடாது என்பதையும் ஊரவரே சரியாகக் காட்டித் தருவார்கள்.

உட்கார்ந்ததும் கால் மண்ணுக்குள் இறங்குகிறது

வன்னியில் மிக அதிகமாகக் கேட்கப்படும் குறை இதுதான். இதற்காக இருக்கையை மாற்றியவர்களும் உண்டு. மாற்றிய இருக்கையும் அதே இடத்தில் அதேபோல் இறங்கும். கணக்கு எளிது. 75 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், நுனி விட்டம் 2.5 சென்ரிமீற்றர் கொண்ட மூன்று கால்களில் உட்காரும்போது, அந்த எடை முழுவதும் ஏறத்தாழ 15 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் இறங்குகிறது. ஒவ்வொரு காலின் கீழும் 9 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத் தகடு ஒன்று இருந்தால், அதே எடை ஏறக்குறைய 190 சதுர சென்ரிமீற்றரிற் பரவுகிறது. அழுத்தம் பதின்மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. வேறு எந்தத் திருத்தமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு பயன் தருவதில்லை.

தகடு என்றதும் கடைக்குப் போக வேண்டியதில்லை. தேய்ந்துபோன இறப்பர்ச் செருப்பின் குதிப் பகுதியை வட்டமாக வெட்டி, நடுவில் காலின் விட்டத்தைவிடச் சற்றுச் சிறிய துளையிட்டு, காலின் நுனியிலிருந்து இரண்டு விரல் மேலே இறுக்கமாக ஏற்றிவிடுங்கள். காலின் நுனி மண்ணில் சற்று இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் தகடு மண்ணில் அமர்ந்து எடையைத் தாங்கும். செருப்பு மிருதுவாக இருந்து வளைந்தால், அதே அளவில் வெட்டிய பலகைத் துண்டொன்றை அதன்மேல் சேர்த்து ஏற்றுங்கள். அலுமினியக் கதிரையின் மெல்லிய கால்களுக்குப் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக் கழித்த ரெனிஸ் பந்து நன்றாகப் பொருந்தும். பந்தில் கூட்டல் குறி போலச் சிறிதாகக் கீறி, குழாயின் நுனியை அதனுள் தள்ளினால் போதும்.

ஆனால் மண்ணுக்கு மண் பரிகாரம் மாறும். முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரையோர வெண்மணலில் தகடு இல்லாமல் எந்த இருக்கையும் நிலைக்காது. அங்கே தகட்டின் விட்டம் பெரிதாக இருப்பதே முக்கியம். உள்நாட்டுச் செம்மண், கோடையில் கல்லாக இறுகிக் கிடப்பதால் தகடே தேவைப்படாது. அதே மண் ஐப்பசி மழையின் பின்னர் மேல் நான்கு விரல் அளவுக்கு இளகிவிடும். முருங்கன் பக்கத்துக் கருங்களி மண்ணே இவை எல்லாவற்றிலும் கடினமானது. கோடையில் அது கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும். அந்தப் பிளவில் ஒரு கால் சறுக்கினால் முக்காலி ஒரு நொடியிற் கவிழும். மாரியில் அதே களி காலைப் பிடித்துக்கொண்டு விடாது. அப்போது இருக்கையை மேல்நோக்கி இழுத்துப் பிடுங்கினால், காலுக்குப் பதிலாக மேலே உள்ள துணியின் மூலை கழன்று வரும். ஒவ்வொரு காலாக அடியிற் பிடித்து, இடமும் வலமும் திருகி எடுப்பதே அங்கே முறையாகும்.

குளத்தின் நீர் வற்றி இறங்கிய கரை இன்னொரு பொறி. இரணைமடுவிலும் வவுனிக்குளத்திலும் கோடையில் நீர் பின்வாங்கிய இடத்தில் மேற்பரப்பு காய்ந்து வெடித்து உறுதியாகத் தோன்றும். அதன் கீழே சேறு ஈரமாகவே இருக்கும். உட்காருவதற்கு முன் ஒரு காலின் நுனியைத் தரையில் ஊன்றி, கையால் முழு எடையையும் கொடுத்து அழுத்திப் பாருங்கள். மேலோடு உடைந்து கால் இறங்கினால், இன்னும் மேட்டுப் பக்கம் போங்கள். அவ்விடத்தில் எந்தத் தகடும் உதவாது.

தரை உறுதியாக இருந்தும் இருக்கை ஆடுகிறது, அல்லது ஒரு பக்கம் சாய்கிறது

முதலில் கால்களை எண்ணுங்கள். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமரும் என்பதால், முக்காலி எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. ஆடினால் இணைப்பிற் பழுது உண்டென்று பொருள், கீழே இணைப்புப் பற்றிய பகுதிக்குப் போங்கள். நாலுகால் இருக்கையோ சமமற்ற தரையில் ஆடுவதே இயல்பு. அதைத் திருத்தக் காலின் நுனியை வெட்டாதீர்கள். ஓரிடத்துக்காக வெட்டிய கால் அடுத்த இடத்தில் குட்டையாக நிற்கும். இருக்கையைத் தரையில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். காற்பங்கு வட்டம் சுழற்றுவதற்குள் எங்கோ ஓரிடத்தில் நான்கும் பொருந்தி அமரும் நிலை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

முக்காலி ஆடாது, ஆனால் கவிழும். எடையின் மையம் மூன்று கால்களையும் இணைக்கும் முக்கோணத்துக்கு வெளியே போனதும் அது எந்த எச்சரிக்கையும் தராமற் சரியும். தரையில் வைத்த கேத்தலை எடுக்கக் குனியும்போதும், பின்னால் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கும்போதும் இது நிகழ்கிறது. முக்கோணத் துணியின் ஒரு மூலை முன்னே, உங்கள் இரு தொடைகளுக்கும் நடுவே வருமாறு உட்காருங்கள். அப்போது முன்பக்கம் குனிவதற்கு இடம் கிடைக்கும், தொடைகளும் துணியின் விளிம்பில் வெட்டுப்படாது. குளக்கட்டின் சரிவில் அமர்வதாயின் இரண்டு கால்கள் பள்ளப் பக்கம் இருக்க வேண்டும். வயதானவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கும் முக்காலியைக் கொடுக்காமல் நாலுகால் இருக்கையைக் கொடுப்பதே சரி.

இருக்கை முன்பிருந்த உயரத்தில் இல்லை. உட்கார்ந்தால் தாழ்ந்து போகிறது

இதனை மிகச் சிறிய குறையாகக் கருதிப் பலரும் பொறுத்துக்கொள்கின்றனர். ஆனால் பொறுத்துக்கொள்ளக் கூடாத குறை இதுவே என்பது என் உறுதியான கருத்து. 60 சென்ரிமீற்றர் நீளமான மூன்று தடிகளை நடுவில் இணைத்து, பக்கத்துக்கு 37 சென்ரிமீற்றர் அளவுள்ள முக்கோணத் துணியை மாட்டினால், இருக்கையின் உயரம் ஏறத்தாழ 42 சென்ரிமீற்றர் வரும். அந்தத் துணியின் ஒவ்வொரு பக்கமும் 5 சென்ரிமீற்றர் மட்டும் நீண்டு 42 ஆகிவிட்டால், கால்கள் அகன்று, உயரம் 35 சென்ரிமீற்றராகக் குறைகிறது. துணி ஐந்து நீள, இருக்கை ஏழு தாழ்கிறது. அதைவிட முக்கியமாக, கால்கள் கிடையாகச் சரியச் சரிய, அவற்றை நடுவில் வளைக்கும் விசை கூடிக்கொண்டே போகிறது. இணைப்புத் துளைக்கு அருகே தடி வெடித்ததென்று கொண்டுவரப்படும் முக்காலியின் துணியை அளந்து பாருங்கள். அது அநேகமாக நீண்டிருக்கும்.

துணி ஏன் நீண்டது என்பதை இனிப் பார்க்கலாம். நைலோன் துணி நீரை உறிஞ்சி நனைந்திருக்கும்போது இலகுவாக நீளும். மழையில் உட்கார்ந்தபோது தொய்ந்து, காய்ந்ததும் ஓரளவு மீண்டால் அது நைலோனின் இயல்பே, பழுதன்று. பொலியெஸ்ரர் அவ்வளவு நீளாது. பருத்திக் கன்வஸ் நனையும்போது சுருங்கி இறுகும், ஆகவே மாரியில் அது தானாகவே திருந்தியதாகத் தோன்றும். கோடையில் மறுபடியும் தொய்யும். இவற்றில் எதுவும் இல்லாமல், முக்கோணத்தின் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மற்ற இரு பக்கங்கள் தொய்ந்தும் இருந்தால், குறை வெட்டிய முறையில் உள்ளது. துணியின் இழை ஓட்டத்தோடு ஒரு பக்கத்தை வெட்டினால், மற்ற இரண்டு பக்கங்களும் இழைக்குக் குறுக்கே சரிவாக விழும். சரிவாக இழுக்கப்படும் துணி எளிதில் நீளும். எவ்வளவு தடித்த கன்வஸ் வாங்கினாலும் இதைத் தவிர்க்க முடியாது.

ஆகவே துணியை மாற்றுவதைவிட விளிம்பைக் கட்டுவதே மருந்து. கழித்துப்போட்ட வாகனங்களின் சீற் பெல்ற் பட்டி கராஜ்களில் கிடைக்கும். அது நீளாத பொலியெஸ்ரர் நெசவு, விளிம்புக்கு இதைவிட நல்ல பொருள் வேறில்லை. தொய்ந்த துணியை நனைத்துக் காய வைத்து, முதல் அளவுக்கு மடித்துக் குண்டூசியாற் பிடித்து, மூன்று பக்கமும் பட்டியை வைத்து இரட்டைத் தையல் போடுங்கள். விளிம்பின் இழுவையை இனிமேல் பட்டி தாங்கும். துணி உங்களைத் தாங்கினால் போதும்.

துணியின் மூலை கிழிகிறது

மூலையின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் தடியின் நுனியில் வாள் போட்ட கூரிய விளிம்பு அப்படியே இருக்கும்; உட்காரும் ஒவ்வொரு தடவையும் அது உள்ளிருந்து இழைகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருக்கும். வெளியே ஒரு நூல் பிரிந்ததாகத் தெரியும் நேரத்தில் உள்ளே பாதி இழை போயிருக்கும். எனவே தையலுக்கு முன் அரத்தை எடுத்து நுனியை உருட்டித் தேய்த்து, கண்ணை மூடித் தடவினாலும் விளிம்பு தெரியாத அளவுக்கு மழுக்குங்கள். அதன்மேல் சைக்கிள் ரியூப்பில் ஒரு சாண் வெட்டி உறையாக ஏற்றி, மேல்முனையை மடித்துக் கட்டிவிடுங்கள். பனஞ்சிலாகையில் கால் செய்திருந்தால் இந்த உறை கட்டாயம் வேண்டும், ஏனெனில் பனையின் கரிய நார் காலப்போக்கில் தனித்தனிச் சிராம்பாக எழுந்து துணியையும் கையையும் குத்தும்.

இனித் தையல். கிழிந்த இடத்தின் மேல் மட்டும் ஒட்டுப் போட்டால், ஒட்டின் விளிம்பில் மறுபடி கிழியும். கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று விரல் அளவுக்கு நல்ல துணியைப் பிடிக்கும் பெரிய துண்டை உள்ளே வையுங்கள். கோணூசியும், முல்லைத்தீவுப் பக்கக் கடைகளில் வலை பொத்துவதற்கு விற்கும் முறுக்கிய நைலோன் நூலும் போதும். நூலை மெழுகுதிரியில் இரண்டு தடவை இழுத்துக்கொண்டால் முடிச்சு நழுவாது. மீன்பிடிக்கும் ஒற்றையிழை நைலோனான தங்கூசியைப் பயன்படுத்தாதீர்கள், அது வழுக்கி முடிச்சவிழும், இறுகினால் துணியை அறுக்கும். ஊசியை முன்னே ஒரு பாய்ச்சல் விட்டு, பாதி தூரம் பின்னே வந்து குத்தி எடுக்கும் பின்தையலாக, தையலுக்குத் தையல் 4 அல்லது 5 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். நெருக்கித் தைத்தால் வலுக் கூடும் என்ற எண்ணம் தவறு. நெருங்கிய துளைகள் முத்திரையின் ஓரத் துளைகளைப் போல வரிசையாகக் கிழிய வழி செய்யும். முதலில் நாற்சதுரமாகச் சுற்றித் தைத்து, பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு போட்டு முடியுங்கள். கையில் வலுவில்லாதவர்கள் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்தால், இந்த மாதிரியைச் சொன்னாலே செய்து தருவார்.

இணைப்பு தளர்ந்துவிட்டது, அல்லது கிறீச்சிடுகிறது

கயிற்றுக் கட்டானாலும் போல்ற்றானாலும், காரணம் ஒன்றே. மரம் உலரும்போது நீளத்தில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை, தடிப்பிற் சுருங்குகிறது. பச்சைத் தடியில் கட்டிய கட்டு சில கிழமைகளில் தானாகவே தளர்வதும், மாசியில் இறுக்கிய நட் ஆடியில் கையாற் சுழல்வதும் அதனாலேயே.

கண்ணுள்ள போல்ற் ஒன்றை மூன்றாவது தடிக்கும், நீண்ட போல்ற் ஒன்றை மற்ற இரண்டு தடிகளுக்கும் போட்டு, கண்ணுக்குள்ளால் கோத்து இணைக்கும் முறை பரவலாக உள்ளது. அதில் தளர்வு வந்தால் நட்டை முழு வலுவோடு இறுக்கி விடாதீர்கள், தடிகள் சுழல முடியாமற் போய், விரிக்கும்போது துளையோரம் வெடிக்கும். அகலமான வாசர் ஒன்றை மரத்துக்கும் நட்டுக்கும் இடையே போட்டு, தடி கையின் இலேசான விசைக்குச் சுழலும் அளவில் நிறுத்தி, இரண்டாவது நட் ஒன்றை முதலாவதோடு சேர்த்து இறுக்கிப் பூட்டுங்கள். துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பெரிய போல்ற் போட வேண்டாம். துளையின் விட்டம் தடியின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டக் கூடாது. 8 மில்லிமீற்றர் போல்ற்றுக்குத் தடி 30 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். தேய்ந்த துளைக்குள் பொருந்தும் சிறு உலோகக் குழாய்த் துண்டொன்றைச் செருகி, போல்ற்றை அதனூடே விடுவதே நல்ல திருத்தம். கிறீச்சிடும் சத்தத்துக்கு மெழுகுதிரி போதும். எண்ணெய் விட்டால் செம்மண் தூசி ஒட்டி, இரண்டு நாளில் தேய்தாளின் வேலையைச் செய்யத் தொடங்கும்.

கட்டு அவிழ்ந்தால் திரும்பக் கட்டுவதற்கு இரண்டு நிமிடமும் சில முழக் கயிறும் போதும் என்பதால், ஒரு நாளுக்கு மேல் ஊருக்கு வெளியே தங்குவோருக்கு நான் போல்ற்றைவிடக் கட்டையே சொல்வேன். மூன்று தடிகளையும் பக்கம் பக்கமாகக் கிடத்தி, கயிற்றை ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகப் பின்னி ஆறு, ஏழு சுற்றுப் போட்டு, பின்னர் தடிகளுக்கு இடையே உள்ள இரண்டு இடைவெளிகளிலும் செங்குத்தாக இரண்டிரண்டு சுற்று இழுத்து இறுக்கி முடியுங்கள். இந்த இடைச்சுற்றை விட்டுவிடுவதாலேயே பெரும்பாலான கட்டுகள் வழுக்குகின்றன. வழவழத்த நைலோன் கயிறு உலர்ந்த, பட்டை உரித்த தடியில் நழுவும். அங்கே தும்புக் கயிறு நன்றாகப் பிடிக்கும், உப்பு நீரையும் தாங்கும்.

காலில் வெடிப்புத் தெரிகிறது, அல்லது வெள்ளை மா உதிர்கிறது

வெடிப்பு எங்கே தொடங்குகிறதென்று பாருங்கள். நுனியில் தொடங்கி நீளமாக ஓடினால், பச்சை மரம் நுனி வழியே விரைவாக உலர்ந்ததன் விளைவு அது. நூலாலோ கயிற்றாலோ நுனியை இறுகச் சுற்றி, வெட்டுமுகத்துக்கு மெழுகோ வர்ணமோ பூசினால் நெடுங்காலம் பயன்படும். இணைப்புத் துளையில் தொடங்கினால், அல்லது இழைக்குக் குறுக்கே ஓடினால், அந்தத் தடியில் இனி யாரும் உட்காரக் கூடாது. சுற்றிக் கட்டுவதும் பசை தடவுவதும் ஆபத்தைத் தள்ளிப்போடும், நீக்காது.

மெல்லிய மா உதிர்ந்து, ஊசித்துளைகள் தெரிந்தால் மரம் உளுக்கத் தொடங்கிவிட்டது. மண் பூச்சாக ஓடும் தடம் இருந்தால் கறையான். இரண்டிலும் தடியைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் வெயிலில் நன்கு உலர்த்தி எண்ணெய் பூசிப் பயன்படுத்தலாம், பொத்தென்று கேட்டால் அடுப்புக்குப் போடுங்கள். புதுத் தடிக்கு வளவில் நிற்கும் வேம்பும் பூவரசுமே என் தெரிவு. வேம்பைப் பூச்சி இலகுவில் அண்டாது, பூவரசு வளைந்தாலும் இலேசில் முறியாது. பாலையும் முதிரையும் உறுதியானவை என்பது உண்மை, ஆனால் தோளில் சுமக்கும் பொருளுக்கு அந்தப் பாரம் வேண்டாம்; காட்டில் நிற்கும் மரத்தை அனுமதியின்றி வெட்டுவதும் கொண்டுபோவதும் சட்டப்படி குற்றமுமாகும்.

அலுமினியக் கதிரையின் குழாய்கள் கழலவில்லை; உள்ளே உள்ள கயிறு தொய்ந்துவிட்டது

கடற்கரையில் இருந்து வந்தபின் கழலாவிட்டால் மணலோ உப்போ பொருத்தில் இறுகியிருக்கும். குறட்டாற் பிடித்துத் திருகினால் குழாய் நசிந்து, அதன்பின் என்றுமே கழலாது. நல்ல தண்ணீரில் அரை மணிநேரம் ஊறவிட்டு, வெளிக்குழாயின் மேல் சுடுநீரை ஊற்றிய உடனே, இரண்டு கையிலும் ரியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகி இழுங்கள். பொருத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அலுமினியம் அரிக்கப்படுவதன் அடையாளம். துணியால் துடைத்து, காய வைத்து, மெழுகை மெல்லத் தேயுங்கள். நந்திக்கடல், சாலை என்னும் கரையோர ஊர்ப் பக்கம் போய் வந்த கதிரையை அன்றைக்கே கழுவ வேண்டும், கழுவும் நீரும் சவராக இருக்கக் கூடாது.

உள்ளே உள்ள இலாஸ்ரிக் கயிறு வெயிலிலும் காலத்திலும் சோர்ந்துபோகும் பொருள். குழாய்களின் மொத்த நீளத்தில் சுமார் முக்கால் பங்கு நீளத்தில் அதே தடிப்புள்ள புதுக் கயிறு வாங்கி, ஒரு முனையில் முடிச்சிட்டு, மெல்லிய கம்பியாற் கோத்து இழுத்து மறுமுனையை முடியுங்கள். குழாய்கள் சேரும் பிளாஸ்ரிக் மையத்தில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் கதை வேறு. அதற்கு நம்பக்கூடிய ஒட்டு எதுவும் இல்லை, மையத்தை மாற்ற வேண்டும்.

துணியில் கரும்புள்ளியும் நாற்றமும். தீப்பொறி பட்ட துளை

மாரியில் ஈரத்தோடு சுருட்டி வைத்த பருத்திக் கன்வஸில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வெளியே வைத்து உலர் தூரிகையால் தட்டித் தேய்த்து, வினாகிரியும் தண்ணீரும் சம அளவிற் கலந்து தடவி, அலசி, வெயிலில் முழுதாகக் காய வையுங்கள். வெளுக்கும் குளோரின் திரவம் புள்ளியைப் போக்கும், ஆனால் நைலோனையும் பருத்தியையும் சேர்த்தே இற்றுப்போகச் செய்யும். வியர்வை உப்பு ஊறிய இருக்கையை எலி கடிப்பதும் உண்டு, ஆகவே நெல்லறையில் போடாமல் கழுவிக் காய்ந்த பிறகு உயரத்தில் தொங்கவிடுங்கள்.

தீப்பொறி நைலோனிலும் பொலியெஸ்ரரிலும் உடனே துளையிடும்; கன்வஸில் பெரும்பாலும் கருகிய பொட்டோடு நின்றுவிடும். பாலை விறகு நின்றெரியும், காய்ந்த மூங்கிலோ வெடித்துப் பொறி பறக்க விடும். எரிவதைப் பார்த்துத் தூரத்தை முடிவு செய்யுங்கள். மெழுகு பூசிய கன்வஸை நெருப்பருகே கொண்டுபோகவே கூடாது.

உரப்பைச் சாய்மனை முன்னறிவிப்பின்றிக் கிழிந்தது

முன்னறிவிப்பு இருந்தது, பையின் நிறத்தில் இருந்தது. உரப்பை பொலிப்புரொப்பிலீன் நாடாவில் நெய்யப்படுவது, அதனை வெயில் விரைவாக அரிக்கும். கூரையின் மேல் ஒரு கோடை கிடந்த பையை இரண்டு விரலாற் பிடித்துச் சுரண்டினால் நாடா செதிலாக உதிரும். உதிர்ந்தால் உட்காராதீர்கள். நிழலில் இருந்த பையானாலும் இரண்டை ஒன்றினுள் ஒன்றாக இட்டு, மேல்வாயை முடிச்சிடாமல் ஒரு சிறு கல்லைத் துணியில் வைத்து மடித்து, அந்தக் கல்லின் பின்னால் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள்; துளையிட்டுக் கோத்தால் துளையிலிருந்தே கிழியும். காலையில் உட்காரும் முன் பையை உதறிவிடுவதும் கட்டாயம். இரவில் தேளும் மட்டத்தேளும் அடியில் ஒதுங்கும், சுருட்டை விரியன் மணற்பாங்கான கரையோரத்தில் தாராளம். மடித்து வைத்த முக்காலியையும் கையை உள்ளே விடாமல், காலைப் பிடித்துத் தட்டி, ரோச் அடித்துப் பார்த்தே விரியுங்கள்.

சிறிது நேரத்தில் தொடை விறைக்கிறது, இடுப்பு வலிக்கிறது

இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மேலெழுந்து இடுப்பு வளையும். உயர்ந்திருந்தால் துணியின் முன்விளிம்பு தொடையை அழுத்திக் கால் விறைக்கும். செருப்போடு நின்று, தரையிலிருந்து முழங்காலின் உட்குழி வரை அளந்து, அதிலிருந்து மூன்று விரல் குறைத்தால் உங்களுக்குரிய உயரம் வரும். உயரம் கூடியிருந்தால் துணியையோ கட்டின் இடத்தையோ மாற்றாமல், மூன்று காலையும் ஒரே அளவாக அடியில் அறுத்துக் குறைக்கலாம். குறைந்திருந்தால் முதலில் துணியை அளந்து, நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். நீண்டிராவிட்டால் நீளமான தடிகளைப் புதிதாகச் சீவிக்கொள்ளுங்கள். சிறுபோக அறுவடைக்குப் பின், மழைக்கு முன், தடி நன்றாக உலர்ந்து கிடைக்கும் ஆவணி, புரட்டாதி மாதங்கள் அந்த வேலைக்கு ஏற்றவை.